சிங்கப்பூர் நேஷனல் தியேட்டர்: மேடையில் அமர்ந்திருந்தவர்களின் மதிப்புரை

1986இல் இடிக்கப்பட்ட ஓர் அரங்கத்துக்கு இப்போது மதிப்புரை எழுதினால் யாரும் நுழைவுச்சீட்டு வாங்கப் போவதில்லை. ஆனாலும், அங்கு வாசித்த எங்கள் சமூக நிலையத்தின் ஊதுகுழல் குழுவினர் எங்கு கூடினாலும் அதன் ஒலியைப் பற்றிய பழைய வாக்குவாதம் மூண்டுவிடுவதால், என் பங்கை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

சுயாட்சி பெற்றதன் நினைவாகக் கட்டப்பட்டு, 1963 ஆகஸ்டில் தென்கிழக்காசியக் கலை விழாவுடன் திறக்கப்பட்ட இந்த அரங்கம், ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் 3,420 இருக்கைகளுடன் அமைந்திருந்தது. கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வோங் வடிவமைத்த முகப்பின் ஐந்து கூர்முனைகள் கொடியின் ஐந்து நட்சத்திரங்களையும், எதிரே இருந்த நீரூற்று பிறையையும் குறித்தன. பக்கச் சுவரும் பின்சுவரும் கிடையா. ஒருபுறம் மட்டும் தாங்கப்பட்டுக் குன்றை நோக்கி நீண்டிருந்த எஃகுக் கூரைதான் பார்வையாளர்களுக்கு நிழல்.

சுவர் இல்லாத இடத்தில் ஊதுகுழல் குழு வாசிப்பது தனி வித்தை. மூடிய மண்டபத்தில் பக்கத்து வரிசையின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் அதைக் கேட்டே தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். இங்கோ அது வெளியே போய்விடுவதால், காதை நம்பாமல் நடத்துநரின் கோலை மட்டுமே பார்த்து வாசிக்க வேண்டியிருந்தது. டிரம்பெட்டும் டிராம்போனும் எப்படியோ கடைசி வரிசையை எட்டிவிடும். என்னைப் போன்ற கிளாரினெட்காரர்கள், மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தையும் மூச்சுப் பிடித்து ஊதி, நயத்தைக் கெடுத்துக்கொண்டோம்.

காற்றுக்கும் மழைக்கும் தடை இல்லை என்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் முதல் முறை இசைத்தாள்களுக்குப் பிடிப்பு எதுவும் கொண்டுபோகாதது முழுக்க எங்கள் தவறு. அடுத்த முறை ஆளுக்கு நான்கு துணி கிளிப் எடுத்துச் சென்றோம். பக்கம் திருப்பும் வேளையில் இரண்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்ளலாம் என்று நினைத்தால், வாயில் ஏற்கெனவே வாத்தியம் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்த மேடையை நாங்கள் விரும்பியதற்குக் காரணம், அது ‘ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி’ (அதாவது ஒரு டாலர்) என்று பொதுமக்களிடமும் நிதி திரட்டிக் கட்டப்பட்டது என்பதே. எஸ்பிளனேட் போன்ற இன்றைய அரங்குகளின் ஒலி ஒப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ஆனால் பொழுதுபோக்காக வாசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே சற்றுக் கூச்சம் வரத்தான் செய்கிறது.

கூரையின் உறுதி குறித்த ஐயத்தால் 1984இல் அரங்கம் மூடப்பட்டது. அருகில் திட்டமிடப்பட்டிருந்த மத்திய விரைவுச்சாலையும் அதன் முடிவை உறுதிப்படுத்தியது.

முகப்பிலேயே ஐந்து நட்சத்திரம் வைத்திருந்த அரங்கத்துக்கு, ஒலிக்கு மட்டும் நான் தருவது இரண்டரை. டியூபா வாசித்த நண்பர் நான்குக்குக் கீழே இறங்க மறுக்கிறார். அவருடைய வாத்தியத்தின் வாய் வானத்தைப் பார்த்திருந்ததால், அவர் ஊதியதையெல்லாம் கூரை அவருக்கே திருப்பிக் கொடுத்ததாம்.