தானம் கேட்டு வேன் வந்தால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, அறக்கட்டளைப் பெயர் போட்ட வேன் ஒன்று வந்தது. வீடு வீடாகப் பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டார்கள். வண்டி வாடகை என்று வீட்டுக்கு 300 ரூபாய் வாங்கினார்கள். ‘80ஜி வரிவிலக்கு உண்டு, மதிப்பு ரூ.15,000’ என்று ரசீதும் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து, செகண்ட் ஹேண்டில் ஹார்ட் டிஸ்க் வாங்கிய யாரோ ஒருவர் அதிலிருந்த பயோடேட்டாவில் எண்ணைப் பார்த்து, அதைக் கொடுத்த வீட்டுக்கே போன் செய்தார். ஆதார் நகல், வருமான வரிக் கோப்புகள், கல்யாண போட்டோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எந்தப் பள்ளிக்குப் போயின என்று கேட்டால் அமைப்பிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தவர் நல்லவராக இருந்தது அந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

இதில் வியாபாரம் எங்கே என்று பலர் கேட்கிறார்கள். ஓடுகிற நிலையில் உள்ள ஒரு சிபியுவை முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் காசு அதிகம். ரேம், பிராசசர், எஸ்எம்பிஎஸ் எனும் மின்சப்ளைப் பெட்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தனித்தனியாகப் போகும். மிச்சம் எடைக்குக் காயலான் கடைக்கு. அங்கிருந்து போர்டுகள் ஆசிட்டில் ஊறும், தாமிரத்துக்காக வயர்கள் எரியும். பிள்ளைகளுக்கு என்று மனசாரக் கொடுத்த பொருள் ஏதோ ஒரு தெருவின் காற்றைக் கெடுத்து முடிகிறது.

வாசலிலேயே கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ‘டிஸ்கை நீங்கள் கழற்ற வேண்டாம், நாங்களே அழித்துவிடுவோம்’ என்பார்கள். ஓடுகிறதா என்று பார்க்க விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்பார்கள்; ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் தெரியும் பயாஸ் திரை வந்தாலே மெஷின் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும், அதற்குப் பாஸ்வேர்டு எதற்கு? ரசீதில் சிபியுவின் சீரியல் எண் இருக்காது, பெறப்போகும் பள்ளியின் பெயரும் இருக்காது. எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் அந்த 80ஜி. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு அது; பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே அந்தக் கழிவு. பொருளாகக் கொடுத்தால் கிடையாது. பணமே கொடுத்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது, அமைப்பு நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும், புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை. ஆகவே கம்ப்யூட்டருக்கு 80ஜி ரசீது நீட்டுகிறவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது ஏமாற்றுகிறவர். இரண்டு பேரிடமும் கொடுக்கத் தேவையில்லை.

இனி டிஸ்க். ஃபைலை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், குயிக் ஃபார்மட் போட்டாலும் அழிவது அட்டவணை மட்டும்தான். புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு உள்பக்கங்களை அப்படியே விட்ட மாதிரி. போட்டோரெக், ரெகுவா போன்ற இலவச மென்பொருள்களே அந்தப் பக்கங்களைத் தேடி எடுத்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடியில் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12.

பழைய சுழலும் டிஸ்க் என்றால் ஒரு முறை முழுக்கப் பூஜ்ஜியம் எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை எல்லாம் இன்றைய டிஸ்க்குகளுக்குத் தேவையற்ற பயம். முதலில் வேண்டியதை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் உடன் எஃப்10 அழுத்தினால் கமாண்ட் திரை வரும். அதில் வரிசையாகத் தட்ட வேண்டியவை: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (கூடவே பட்டியலில் உள்ள அந்த டிஸ்கின் எண்), கடைசியாகக் கிளீன் ஆல். வெறும் ‘கிளீன்’ போட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். அது பார்ட்டிஷன் தகவலை மட்டும்தான் எடுக்கும். ‘ஆல்’ சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்ஜியம் எழுதும். 500 ஜிபிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், திரையில் எதுவும் நகராது, பொறுமையாக விடுங்கள். பேக்கப் டிஸ்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொட வேண்டும். டிஸ்க் எண் மாறிப்போய் பேக்கப்பையே அழித்தவர்கள் உண்டு.

இவ்வளவு வேண்டாம் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரீசெட் இருக்கிறது. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல், உள்ளே ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள், தானாக அது ஆஃபில்தான் இருக்கும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு, மேலெழுதும் முறை முழுசாகப் பலிக்காது. தேய்மானத்தைப் பங்கிட அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் சில பகுதிகள் தப்பிவிடும். தயாரிப்பாளர் தரும் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் இரேஸ் என்னும் அழிப்பு வசதிதான் சரி.

பூட்டே ஆகாத மெஷின் என்றால் கழற்றுவதே வழி, பத்து நிமிஷ வேலை. பவர் கார்டைப் பிடுங்கி, கேபினெட் பின்னால் பக்கப் பலகையின் இரண்டு ஸ்க்ரூவை எடுங்கள். டிஸ்கிலிருந்து சாட்டா டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் நேராக இழுங்கள், தாங்கியில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். டிவிடி டிரைவில் சிடி, ஸ்லாட்டில் மெமரி கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். உதவாத டிஸ்கில் தட்டுகள் வரை துளை போடலாம். லேப்டாப் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க் இல்லாத மெஷினை உண்மையான பள்ளியோ அமைப்போ தட்டாது. புது எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, ஓரிரண்டைத் தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. எனவே எப்படியும் லினக்ஸ்தான். 2 ஜிபி ரேம், கோர் 2 டியோ என்னும் பழைய பிராசசர், பெரிய குண்டு மானிட்டர் இவற்றைத் தானம் என்று தலையில் கட்டாதீர்கள். அந்த மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அவை மின்கழிவு, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

டிஸ்கோடு ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கூகுள் கணக்கில் பழைய சாதனத்தை வெளியேற்றுங்கள், பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். ரசீதையும், வேன் எண்ணைக் குறித்திருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். காவல் நிலையத்தில் கேட்கப்போவது அவைதான்.