குளியலறை டவுன்லைட் போட்டவர்கள் ஒருமுறை போர்டைப் பாருங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பிளாட்டில் இருப்பவர்கள், குளியலறைக்கு சீலிங் அடித்து டவுன்லைட் பதித்திருந்தால் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

எங்கள் குளியலறைக்கு லைட் பதித்தவர், தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்த வயரிங் பாஸ் (மின்வேலை செய்பவர்). நன்றாகக் கதைப்பார். ஷவருக்கு மேலே வருகிற லைட்டுகள் ஐபி 65 ஆகத்தான், அதாவது தூசியும் பீச்சியடிக்கிற தண்ணீரும் தாங்குகிற தரமாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தேன். "புறக்கோட்டையில நானே வாங்கிட்டு வாறன் அண்ணா" என்றார். ஐபி 65 என்று எழுதிய பெட்டி ஒன்றையும் காட்டினார். லைட் ஒன்று 3,800 ரூபா, மொத்தம் ஆறு, கூலி வேறு. வேலை முடிந்த அன்றே முழுக் காசையும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அம்மா சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தபோது ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. பாஸைக் கூப்பிட்டேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். "ட்ரிப் சுவிட்ச் பழசம்மா, அதுதான் சும்மா சும்மா விழுது. இனி விழாது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே விழவில்லை. நாங்களும் சரி என்று இரண்டு வாரம் அதே ஷவரில் குளித்தோம்.

போன வாரம் இரவு அயர்ன் பழுதாகி ட்ரிப் விழுந்தது. வீடே இருட்டு. குளியலறையில் மட்டும் ஆறு லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. "இதாவது எரியுதே" என்றார் அம்மா. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காலையில் வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து போர்டைத் திறந்து காட்டினார். குளியலறை வயரை ட்ரிப் சுவிட்சிலிருந்து கழற்றி, மெயின் சுவிட்சிலிருந்து நேரே கொடுத்திருந்தது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகாமல் எங்கேயோ கசிந்தால் உடனே வெட்டிவிடுவதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. வீட்டுக்குப் போடுவது 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும். எங்கள் வீட்டில் அது பழசாகிப் பழுதாகவில்லை. கசிவு இருக்கிறது என்று இரண்டு நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் கசிவைத் தேடாமல் ட்ரிப் சுவிட்சின் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சீலிங்கைத் திறந்தால் இன்னும் மோசம். ஆறும் வீட்டு ஹோலுக்கு (வரவேற்பறைக்கு) போடுகிற ஐபி 20 லைட். ஐபிக்குப் பிறகு வருகிற இரண்டாவது இலக்கம் பூச்சியம் என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அர்த்தம். ஷவருக்கு மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் வரைக்கும் அந்த இலக்கம் குறைந்தது 4 ஆக இருக்க வேண்டும். எங்கள் சீலிங்கோ கை எட்டுகிற உயரம். வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார், ஜங்ஷன் பொக்ஸ் ஒன்றுகூட இல்லை. நீராவி இறங்கி டேப் ஊறிப்போய், ஒரு மூட்டு சீலிங்கின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்துக்கு எர்த்தும் இல்லை.

உங்கள் போர்டில் ட்ரிப் சுவிட்சில் 'டி' (T) என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். குளியலறை லைட்டைப் போட்டுவிட்டு அதை அழுத்துங்கள். லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் மெயினை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். லைட் வாங்கினால் பெட்டியை நம்பாமல் லைட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். சீலிங் மூட முன்னம் மூட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் சொன்ன முதல் நாள் பாஸ் "காசைத் திருப்பித் தாறன் அண்ணா" என்றார். இப்போது போன் எடுப்பதில்லை.