தென்னை நார் உருளை: கரையைப் பிடிக்கிறது, ஆனால் எந்தக் கரையை?

பெரிய ஆறு ஒன்றின் கரையை மீட்கும் வேலையில் தென்னை நார் உருளைகளை (வலைக்குள் நாரை இறுக்கி அடைத்து, கரையோரமாகப் படுக்கவைப்பவை) போட்டு இரண்டு வெள்ளம் பார்த்தாகிவிட்டது, இனி தைரியமாக எழுதலாம். நாங்கள் வாங்கியது 30 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ளது. காய்ந்திருக்கும்போது இரண்டு பேர் தூக்கிவிடலாம். நனைந்துவிட்டால் பாறை மாதிரி உட்கார்ந்துவிடும், அதனால் எங்கே வைப்பது என்று முன்னாடியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, வேலை முடிந்ததும் இது காணாமல் போய்விடுவதுதான். தென்னை நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம், அதனால் சணல் மாதிரி சீக்கிரம் மக்காமல் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தாங்கும், அதற்குள் நாணலும் கோரையும் உருளைக்குள்ளேயே வேரோடி, பின்னால் இருக்கும் மண்ணையும் பிடித்துவிடும். அப்புறம் நார் மக்கினால் என்ன? முதல் வெள்ளம் வடிந்தபோது உருளைக்குப் பின்னால் வண்டல் படிந்து, நாங்கள் நடாத செடிகள்கூட முளைத்திருந்தன. பக்கத்தில் பாறாங்கல் கொட்டிய கரை அப்படியே மொட்டையாகக் கிடக்கிறது.

ஒரு தவறு எங்களுடையது. வரிசையில் தண்ணீர் வரும் பக்கத்து முனையைக் கரைக்குள் வெட்டிப் புதைக்காமல் சும்மா விட்டோம், தண்ணீர் பின்பக்கமாகப் புகுந்து மூன்று உருளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. உருளையைப் பிடித்து நிறுத்தும் முளைக்குச்சியை எவ்வளவு ஆழம் அடித்தாலும் முனை திறந்திருந்தால் பயனில்லை. குச்சிகளுக்கு நடுநடுவே உயிருள்ள போத்துகளையும் (நட்டால் வேர்விடும் கிளைத்துண்டுகள்) நட்டிருந்த இடம் மட்டும் அசையவில்லை.

விற்றவர் மேல்தான் கோபம். 'முழுக்க மக்கும்' என்று சொல்லித் தந்தார்கள், வந்து பார்த்தால் நாரைச் சுற்றியிருந்த வலை பிளாஸ்டிக். நார் மக்கிய பிறகும் அந்த வலை ஆற்றில் கிடக்கும், பாம்புகள் அதில் மாட்டிச் சாகும். உயிரினங்களுக்கு இடம் தரத்தானே இதைப் போடுகிறோம்! வாங்கும்போது வலையும் நார்க்கயிறுதானா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே போடக் கூடாது? ஆறு வளையும் இடத்தில், ஆழமான நீர் வேகமாக மோதும் வெளிப்பக்கக் கரையில் வேண்டாம், அடிமண் அரித்து உருளை தொங்கிவிடும். இன்னொன்று, எல்லா அரிப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. செங்குத்தாக அறுபட்ட மண்கரையில்தான் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டுகின்றன. ஆஸ்திரியாவின் டான்யூப் ஆற்றில், வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பர்க் எதிரே, சுமார் 3 கிலோமீட்டருக்குக் கரைக்கற்களை வேலை மெனக்கெட்டு அகற்றி, ஆறு தன் இஷ்டத்துக்கு அரிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு எங்கள் வரைபடத்தில் உருளை போடக் குறித்திருந்த கோட்டில் பாதியை அழித்தோம். வீடோ சாலையோ பின்னால் இல்லாத இடத்தில் கரையைக் கட்டிப்போட்டு யாருக்கு என்ன லாபம்?

5-க்கு 3.5 தருகிறேன், குறைத்ததில் பெரும்பகுதி அந்த வலைக்காக. மீதி 6 உருளைகளின் வலையை அறுத்துவிட்டுக் கயிறு சுற்றி வைத்திருக்கிறோம், தண்ணீர் குறைந்ததும் நீரோட்டம் மெதுவாக உள்ள பக்கக் கிளையின் வாயில் போடப்போகிறோம், இந்த முறை முனைகளைப் புதைத்து.