பட்டிமன்றமா, சாக்பீஸ் கோடா?

நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பைச் சொல்லிக் கொடுக்க விவாதம்தான் நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைப்புச் செய்தி வாசிப்பதோடு பல பள்ளிகள் நிறுத்திக்கொள்கின்றன. வாசிக்கிற பிள்ளைக்கு உச்சரிப்பு திருந்தும், வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் ஒட்டாது. சரி, விவாதம் என்றால் எந்த விவாதம்?

உடனே நினைவுக்கு வருவது பட்டிமன்றம். அணிக்கு மூன்று பேர், நடுவராக டீச்சர். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும், எழுதிப் பழகிய பேச்சு கையில் இருந்தால் மேடை ஏறத் தைரியம் வரும். ஆனால் அந்தப் பேச்சைப் பெரும்பாலும் எழுதுவது அம்மாவோ அப்பாவோதான். ஆறு பேர் ஒப்பிக்கிறார்கள், முப்பது பேர் கைதட்டுகிறார்கள், தீர்ப்பு சொன்னதும் யோசனையும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

என் வகுப்பில் நான் இப்போது செய்வது சாக்பீஸ் கோடு. தரையில் நீளமாக ஒரு கோடு, ஒரு பக்கம் 'ஆமா', மறுபக்கம் 'இல்ல', குழப்பமாக இருப்பவர்கள் கோட்டின் மேலேயே நிற்கலாம். யார் பேச்சாவது சரியென்று பட்டால் இடம் மாறலாம், ஆனால் எந்தப் பேச்சு மாற்றியது என்று சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும்.

பிளாஸ்டிக் தடையை எடுத்துக்கொண்டோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது, இருந்தும் கடைகளில் பிளாஸ்டிக் பை கிடைக்கிறது. பை கொடுக்கிற கடைக்காரருக்கு அபராதம் போடலாமா என்று கேட்டேன். கிட்டத்தட்ட வகுப்பே 'ஆமா' பக்கம். இட்லிக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் எதிரில் நின்று, "தூக்குவாளி இல்லாம வர்றவங்களுக்கு சாம்பார எதுல ஊத்துறது? தரலேன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்றாள். ஐந்து பேர் அவள் பக்கம் நடந்தார்கள். தெருச் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை ஒரு பையன் சொன்னான், இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். பட்டிமன்றத்தில் இந்த நடை நடக்காது.

இதிலும் குறை உண்டு. சத்தம் அதிகம், அப்புறம் பிள்ளைகள் சிநேகிதர் நிற்கிற பக்கமாகப் போய் நின்றுகொள்வார்கள். அதனால் முதலில் நோட்டில் பதிலை எழுதச் சொல்கிறேன். கட்சி, சாதி சம்பந்தப்பட்ட செய்திகளைத் தொடுவதில்லை, ஒரு பிள்ளையின் வீடே எல்லார் முன்னாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டி வந்துவிடும்.

அன்றைக்கு மணி அடிக்கும்போது, பையைத் தயாரிப்பதற்கும் தடைதான் என்று சொன்னேன். "அப்ப கடைக்கு எப்படி டீச்சர் வருது?" என்றான் ஒருவன். வெள்ளிக்கிழமை அதைத்தான் எடுக்கப் போகிறோம்.