தோட்டத்துக்குப் பறவை வரணுமா? முதலில் ஒரு மண்சட்டி வாங்குங்கள்

கோவைப் புறநகரில், வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னத் தோட்டத்தில் பல வருடங்களாகப் பறவைகளுக்குத் தண்ணீரும் தீனியும் வைக்கிறேன். எதற்குக் கொடுத்த காசு தகும், எதற்குத் தகாது என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் வாய் அகன்ற மண்சட்டி வாங்குங்கள். தானியம் தின்னாத பறவையும் தண்ணீருக்கு வரும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒரு கல் போட்டால் தையல்சிட்டு, தேன்சிட்டு போன்ற பொடிசுகளுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். சித்திரை வெயிலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒன்று இறங்கினால் இன்னொன்று கிளையில் காவல் இருக்கும். பூனை பதுங்க முடியாதபடி சட்டியைச் சுற்றி நாலடி வெட்டவெளியாக இருக்கட்டும். பறந்து ஏற ஒரு கிளையும் பக்கத்தில் வேண்டும். தினமும் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு மாற்றுங்கள். கொசு முட்டையிலிருந்து வெளியேறிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் தேவை. தினமும் மாற்றினால் அதற்கு வழியே இல்லை.

தீனியை நிரப்பித் தொங்கவிடும் பிளாஸ்டிக் குழாயை, அதாவது ஃபீடரை, நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அது வெயிலில் நொறுங்கியது, அணில் கடித்தது, ஐப்பசி மழையில் உள்ளே கம்பு பூசணம் பிடித்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மைனாவும் தவிட்டுக்குருவியும் தரையில் மேய்பவை; கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும் வேண்டும். குழாயில் தொற்றிக்கொண்டு கொத்தும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. ஒரு தட்டில் காலையில் ஒரு கைப்பிடி கம்பு, தினை, நொய் போதும். சிட்டுக்குருவியும் புள்ளிச்சில்லையும் வரும். நிரம்ப வைத்தால் மாடப்புறா குடியேறிவிடும், இரவில் எலியும் வரும். புறா எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் இதில் நான் கறார். மிக்சர், முறுக்கு போன்ற உப்புப் பண்டங்களை வைக்கவே வேண்டாம்.

சிட்டுக்குருவிப் பெட்டி நல்ல வாங்கல்தான், ஓட்டை 32 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால். அதில் மைனா நுழையாது. மேற்கு வெயில் படாத சுவரில், கூரைக்கு அடியில் மாட்டுங்கள். வளர்ந்த குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான். செடிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு பெட்டி மாட்டுவதில் அர்த்தமில்லை.

நர்சரியில் சிங்கப்பூர் செர்ரி என்று கேட்டால் தேன்பழக் கன்று தருவார்கள். வேகமாக வளரும், சீக்கிரம் காய்க்கும். குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, கட்டைவிரல் அளவே உள்ள பூங்கொத்தி என்று எல்லாம் அந்த ஒரு மரத்துக்கு வரும். தேன்சிட்டுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள், சர்க்கரைத் தண்ணீர் தேவையில்லை.

மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைத்தான் கிளறி இரை தேடும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் செக்கச்சிவப்பு. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தக் குருவி களைத்து வீட்டுக்குள் வந்து விழுந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் தோட்டத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பார்ப்பதற்கு 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் உள்ள பைனாகுலர் எனக்குத் திருப்தி. தோட்டத்துக்கு வாங்குவதென்றால் ஏழெட்டு அடித் தூரத்திலும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு வீட்டுத் தோட்டத்தில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலே பட்டியல் அனுப்பலாம்.