மன்னார்குடியில் மனு எழுதித் தரும் கடை: எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று தெரிந்தவர்

மன்னார்குடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அருகில், ஒரு மேசையும் பழைய கணினியும் வைத்துக்கொண்டு மனு எழுதித் தரும் பெரியவரிடம் நிலம், வாய்க்கால் தொடர்பான மனுக்களை எழுதி வாங்கியவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். எந்த மனு எந்த அதிகாரிக்குப் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் இவரிடம் கிடைக்கும் பெரிய சேவை.

நம் பேச்சில் அதிகாரி என்ற சொல்லுக்கு வரம்பே கிடையாது. வயலை அளக்க வருபவரும், சான்றிதழில் கையெழுத்திடுபவரும், ஜீப்பிலிருந்து இறங்குபவரும் அதிகாரிதான். சோழர் கல்வெட்டுகளில் 'அதிகாரிகள்' என்பது குறிப்பிட்ட சிலருடைய பெயரோடு சேர்ந்து வரும் பட்டம். கோயில் நிர்வாகத்தைக் கவனித்தவரையோ 'ஸ்ரீகாரியம் செய்கின்ற' என்று தனியே குறித்தார்கள். 1980இல் பரம்பரையாக வந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), பட்டாமணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும், எங்கள் பக்கத்து முதியவர்கள் அவரைக் கணக்குப்பிள்ளை என்றே சொல்கிறார்கள். பேச்சில் இது பரவாயில்லை. 'பெறுநர்' என்ற இடத்தில் தவறான பதவியை எழுதினால் மனு மேசை மேசையாக அலையும்.

அப்பா பெயரில் இருந்த பட்டாவை மாற்ற நான் போனபோது, பெரியவர் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் சிட்டாவையும் வாரிசுச் சான்றையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சர்வே எண்ணையும் உட்பிரிவையும் விரல் வைத்துப் படித்தார். "நிலத்தைப் பிரிக்கிறீங்களா தம்பி, எல்லார் பேரிலயும் கூட்டா இருக்கட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார். உட்பிரிவு இல்லையென்றால் மண்டலத் துணை வட்டாட்சியர். உட்பிரிவு உண்டென்றால் நில அளவர் அளந்து வட்டாட்சியர் உத்தரவிட வேண்டும். உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். இந்த ஏணியை அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதியே கொடுத்துவிடுகிறார். வாய்க்கால் மனுவிலும் இதே கவனம். 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்த பிறகும் பலர் பொதுப்பணித் துறைக்கே மனு எழுதிக்கொண்டு வருகிறார்கள்; அவர் பொறுமையாக அதைத் திருத்தித் தருகிறார்.

கட்டணம் நியாயமானது. அச்சிட்டதும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுகிறார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

எனக்கு உடன்பாடில்லாதது மனுவின் நடை. வட்டாட்சியருக்கு 'உயர்திரு' என்றும் அமைச்சருக்கு 'மாண்புமிகு' என்றும் எழுதுவது மரியாதை, அது இருக்கட்டும். 'தங்கள் சமூகத்தில் பணிந்து', 'கருணை கூர்ந்து பிச்சையாக' போன்ற தொடர்களை அவர் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார். சட்டப்படி நமக்கு உரியதைக் கேட்கும் தாளில் இவற்றுக்கு இடமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உழைத்துக் காய்ப்பேறிய கையால் கையெழுத்திடும் ஒரு விவசாயி அப்படிக் கெஞ்ச வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் நீக்கித் தருகிறார். ஆகவே அச்சிடும் முன்பே கேட்டுவிடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்காகத் திருவாரூர் போகிறவர்கள் காலையிலேயே அவர் கடையில் கூடிவிடுவதால், மற்ற நாட்களில் போனால் உட்கார்ந்து நிதானமாகப் பேச முடியும்.