அமிகா 500இல் சுற்றி ஓடும் சதங்கை: நீண்ட காலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற பழைய வீட்டுக் கணினி அமிகா 500, சித்தப்பா ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்தது. டிவிக்கு அங்கேயும் இங்கே போல ‘பால்’ (PAL) முறை, மின்சாரமும் 230 வோல்ட். பிளக்கை மாற்றியதும் வேலை செய்தது. பல வருடமாக இதில் நான் ஆசையாகச் செய்வது ஒன்றுதான்: இரண்டு ஓடியோ வயரில் வெளிவரும் சத்தத்தைக் கேட்பவரைச் சுற்றி ஓடவிடுவது.

அமிகாவின் சத்தத்தை உண்டாக்கும் பவுலா சிப்பில் நான்கு சேனல். 0உம் 3உம் முழுக்க இடது, 1உம் 2உம் முழுக்க வலது. ஹெட்போனில் கேட்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் கேட்பவரைச் சுற்றிச் சத்தம் வரவைக்கும் சரவுண்டுக்கு இதைவிட வசதி வேறில்லை. இரண்டு வயர் சத்தத்தை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டொல்பி சரவுண்ட் டீகோடர் பின்பக்கம் அனுப்புவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒரே சாம்பிளை, அதாவது பதிந்த சத்தத் துண்டை, 0இல் நேராகவும் 1இல் அலையின் மேல் கீழ் மாற்றித் தலைகீழாகவும் ஓட்டினால் சத்தம் பின்னால் போய்விடும்.

தலைகீழாக்க, அமிகாவின் மூளையான 68000 சிப்பின் ‘நொட்’ கட்டளையே போதும். ஒரே தடவையில் நான்கு பைட்டைத் திருப்பும், ஒரு பைட்டின் கணக்கு அடுத்ததில் ஏறாது, -128உம் ஒழுங்காக 127 ஆகிவிடும். ஒரு படி வித்தியாசம் வரும்தான், காதுக்குத் தெரியாது. இரண்டு சேனலையும் மட்டும் ஒன்றாகவே தொடங்க வேண்டும்: சேனல்களை ஓடவைக்கும் டிஎம்ஏ பதிவேட்டில் ஹெக்ஸ் 8003 என்று ஒரே தடவையில் எழுதி. தனித்தனியாகத் தொடங்கினால் நேரம் பிசகி, பின்னால் போக வேண்டிய சத்தம் அறை முழுக்கக் கலங்கிப்போகும்.

சுற்றவைப்பதற்கு ஒலியளவை மாற்றினாலே போதும். இடது 64, வலது 0 என்றால் இடது மூலை. இரண்டும் 45 என்றால் நேர் பின்னால். இடது 0, வலது 64 என்றால் வலது மூலை. அங்கே இடது சேனல் மௌனமாக இருக்கும்போது அதன் சாம்பிளையும் தலைகீழ்ப் பிரதிக்கு மாற்றிவிட்டால், அடுத்த அரைச் சுற்று முன்பக்கமாக வரும். திரும்பத் திரும்ப ஓடும் சாம்பிளின் ஒரு சுற்று, அதாவது லூப், முடிந்த பிறகுதான் பவுலா புதிய முகவரியை எடுக்கும் என்பதால் லூப் சின்னதாக இருக்க வேண்டும். மௌனமாக இருக்கிற சேனலில் மாற்றுவதால் ‘டிக்’ என்ற சத்தமே வராது. இந்த இடம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

நான் சுற்றவிடுவது கூத்துச் சதங்கை. எங்கள் பக்கம் வட்டக்களரி என்ற வட்டமான கூத்து மேடையில், கூத்தை நடத்தும் அண்ணாவியார் நடுவில் நிற்க, ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார்கள். அவர் காதுக்கு எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை. மிச்சம் இருக்கிற 2, 3இல் மத்தளமும் சல்லரித் தாளமும் பாட்டும் ஒரே சாம்பிளாகக் கலந்து முன்னால் ஒலிக்கும். அத்தோடு நான்கு சேனலும் முடிந்தது. ஒரு சத்தத்துக்காகப் பாதி சிப்பைக் கொடுக்கிறோம், ஆகவே இந்த வித்தையை எல்லாவற்றுக்கும் பூசக்கூடாது.

டீகோடரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. 1987இல் வந்த புரோ லொஜிக் முறை, பலத்த சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மற்றதையும் இழுக்கும். மத்தளம் அடிக்கும்போதெல்லாம் பின்னால் இருந்த சதங்கை முன்னால் பாய்கிறது. அதைவிட, பின் ஸ்பீக்கர் இரண்டையும் தொடராக இணைத்து அம்ப்பின் இரண்டு சிவப்பு முனைகளுக்கு இடையில் மாட்டும் ஹாஃப்லர் முறை எனக்குப் பிடிக்கும். சதங்கை முன்னாலும் கொஞ்சம் கேட்கும், ஆனால் பாயாது. கறுப்பு முனையிலும் சத்தம் ஓடும் பிரிட்ஜ் வகை அம்ப்பில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அம்ப் போய்விடும்.

கடற்கரைக் காற்றில் தொல்லை கொடுப்பது ஓடியோ வயரின் ஆர்சிஏ பிளக். உப்புப் பிடித்து ஒரு பக்கம் சத்தம் குறைந்தாலே இடதும் வலதும் சரியாகக் கழிபடாது, நடுவில் நிற்க வேண்டிய மத்தளம் பின்னால் கசியும். அப்படிக் கசிந்தால் முதலில் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். மெமரி அட்டையில் உள்ள பட்டரியையும் கழற்றிவிடுங்கள், அது ஒழுகினால் அட்டையையே தின்றுவிடும். மாரி காலத்தில் பிளாப்பி டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடிக்கிறது, நான் பிளாப்பிக்குப் பதிலாக யூஎஸ்பி குச்சியில் ஓடும் ‘கோடெக்’ (Gotek) கருவிக்கு மாறிவிட்டேன்.

யாருக்காவது பதிவு செய்து அனுப்புவதென்றால் ஸ்டீரியோவாகவே அனுப்புங்கள். ஒற்றை ஸ்பீக்கர் டிவியிலோ ஃபோனிலோ இடதும் வலதும் கூடும்போது, சதங்கை பின்னால் போகப்போகக் குறைந்து, நேர் பின்னால் வரும்போது கேட்கவே கேட்காது.